சம்பளச் சிட்டை யார் பெயரில் வரும்?

திருகோணமலையின் அநுராதபுரச் சந்தியில் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் வேலை விளம்பரங்களை நின்று படிப்பது என் பழக்கம். வேலை தேடும் வயது எனக்கு எப்போதோ கடந்துவிட்டது. “உடனடி வேலைவாய்ப்பு. வயது 18 – 45. கவர்ச்சிகரமான சம்பளம். தங்குமிடம், உணவு இலவசம். அனுபவம் தேவையில்லை.” கீழே ஒரு கைபேசி எண், அவ்வளவுதான். எந்தக் கம்பனி, எந்த ஊர், என்ன வேலை, எத்தனை ரூபாய் என்பதெல்லாம் இருக்காது. ஆள் எடுப்பவர் தன் பெயரைச் சொல்லமாட்டார். ஆனால் அந்த எண்ணுக்கு அழைக்கும் பிள்ளையிடம் முதல் நிமிடத்திலேயே அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டுவிடுவார்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போட்டவள். நேர்முகத் தேர்வு நடக்கும் அறையின் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு நியமனக் கடிதங்களோடு பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அநேகமானவை ஆங்கிலத்தில், சில சிங்களத்தில். “மிஸ், இதில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்பார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருக்கும்.

ஒரு கல்யாணப் பேச்சு வந்தால் இந்த ஊர்ச் சனம் எப்படி விசாரிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை குடிப்பாரா, கடன் உண்டா, முந்தி ஒரு பேச்சு குழம்பியதாமே, ஏன் என்று பாலையூற்றிலிருந்து நிலாவெளி வரை ஆள் விட்டுக் கேட்போம். அதே வீட்டுப் பிள்ளை நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் கழிக்கப்போகும் இடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் பைல், கிராம சேவகரின் சான்றிதழ் எல்லாம் தயாராக இருக்கும். கேள்வி மட்டும் இருக்காது. “உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கா?” என்று மனேஜரே கேட்டாலும், “இல்ல சேர்” என்று எழும்பிவிடுவார்கள்.

காரணம் பயம்தான். அந்தப் பயத்தை நான் பழிக்கமாட்டேன். 1957இல் பிரித்தானியக் கடற்படை டொக்யாட்டை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, ஒரு பெரிய முதலாளி போனால் என்னவாகும் என்று பார்த்த ஊர் இது. பிறகு முப்பது வருட யுத்தம், நடுவில் சுனாமி. இன்றைக்கு சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கின்றன. புல்மோட்டையில் கனிய மணல், உப்புவெளியில் ஹொட்டேல்கள். இவ்வளவு இருந்தும் ஒரு வேலைக்கு நூறு பேர் நிற்கிறார்கள். துறைமுகத்தைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு பெரிய செய்தி வந்தால் போதும், “ஆள் எடுக்கப் போறாங்களாம், எனக்கு உள்ளுக்கு ஆளைத் தெரியும்” என்று யாராவது ஒருவர் கிளம்பிவிடுவார். இந்த நெருக்கடியில் கேள்வி கேட்பது திமிராகத் தெரிகிறது.

கிண்ணியாவிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். சீனக்குடாப் பக்கம் வேலை. வந்த விஷயம் வேறு, வங்கிக் கடனுக்குச் சம்பளத்தை உறுதிப்படுத்திக் கடிதம் வேண்டுமாம்.

“எந்தக் கம்பனி, மகன்?”

“ஹெல்மட்டில பேர் இருக்கு மிஸ்.”

“சம்பளச் சிட்டையில ஆற்ற பேர்?”

“சிட்டை தாறதில்ல மிஸ். கவர்ல காசு தருவாங்க.”

“ஆர் தாறது?”

“எங்கட சுப்பவைசர்.”

துறைமுக வட்டாரத்தில் வேலைக்குப் போகும் எந்தப் பிள்ளையும் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதற்குள் இருக்கிறது. தலையில் இருக்கும் ஹெல்மட் ஒரு கம்பனியுடையது. ஆளை எடுத்தது ஒரு மேன்பவர் ஒப்பந்தக்காரர். அவருக்குக் கீழே இன்னொரு துணை ஒப்பந்தக்காரர் இருக்கலாம். மூட்டை தூக்குவதும் துப்புரவும் காவலும் ஏற்றி இறக்குவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கின்றன. சட்டவிரோதம் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது, ஒழுங்காக நடத்துகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கை நசுங்கினால் யார் பொறுப்பு, சம்பளம் பிந்தினால் யாரைக் கேட்பது என்பதற்கெல்லாம் பதில், யாருடைய சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதில்தான் தொடங்குகிறது. “நான் வேலை செய்யப்போறது இந்தக் கம்பனியில. எனக்கு நியமனக் கடிதம் தரப்போறது எந்தக் கம்பனி?” இவ்வளவு கேட்டால் போதும். ஒழுங்கான ஒப்பந்தக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

அடுத்தது ஈ.பி.எப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படும், முதலாளி தன் பங்காக 12 வீதம் போடவேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.ரி.எப்.புக்கு முதலாளி மட்டும் 3 வீதம். பணத்தை மத்திய வங்கி பராமரிக்கிறது, நிர்வாகம் தொழில் திணைக்களத்தின் கையில். “ஆறு மாசம் போகட்டும், நிரந்தரமாக்கினாப் பிறகு ஈ.பி.எப். பாப்பம்” என்பது நான் அதிகமாகக் கேட்ட பொய். தற்காலிகமோ நாட்கூலியோ ஒப்பந்தமோ, முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும் என்பதுதான் சட்டம். உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். “போடுவோம்” என்பவரிடம் இலக்கம் இருக்காது.

பணிக்கொடையில் இன்னொரு சூட்சுமம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் கொடுக்கவேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஒப்பந்தக்காரர் மாறினால், ஆள் மாறாமல் அதே வாசலால் போய் அதே இடத்தில் நின்றாலும், சேவைக்காலம் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணப்படுகிறது. ஐந்து வருடம் முடியும் முன் நிறுவனத்தின் பெயரே மாறிவிடுவதும் உண்டு. அந்தப் பையன் இரண்டு பெயரின் கீழ் வேலை செய்திருந்தான். ஏன் மாறியது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எனக்கு மலையகத்துக் கங்காணிதான் ஞாபகத்துக்கு வருவார். தோட்டத்துக்கு ஆளைக் கூட்டிவந்தவர் அவர். முற்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவரும் அவர்தான். வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்கு நாள்கணக்கில் ஒரு கமிஷன். ‘துண்டு’ என்று ஒரு சீட்டு முறையும் இருந்தது. இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத்துரை எழுதிக்கொடுப்பதை வைத்து இன்னொரு தோட்டம் அவர்களை எடுத்துக்கொள்ளும். தொழிலாளியைப் பற்றிய அந்தக் காகிதத்தில் தொழிலாளிக்கென்று ஒரு வரியும் கிடையாது. 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்றைய மேன்பவர் முறையையும் அதையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் அசல் சான்றிதழ்களை வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, “போறதெண்டா மூண்டு மாசச் சம்பளத்தைக் கட்டிப்போட்டுப் போ” என்று சொல்லும் இடத்தைப் பார்த்தால் வேறு எதுதான் ஞாபகம் வரும்? அசலைக் காட்டலாம், கொடுக்கக்கூடாது.

சம்பளத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் ஒரே கேள்வி, “கையில எவ்வளவு வரும்?” அது பாதிக் கேள்விதான். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், என் தொழில் அதுதானே. மாதம் 60,000 என்று சொல்கிறார்கள். கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 32,000, மிச்சம் 28,000 வரவுப்படி, ஊக்குவிப்பு, சாப்பாடு என்று பிரிந்திருக்கிறது. முதலாளி 32,000க்கு மட்டும் ஈ.பி.எப்., ஈ.ரி.எப். கட்டினால் அவருடைய பங்கு மாதம் 4,800. முழு 60,000க்கும் கட்டினால் 9,000. வித்தியாசம் மாதம் 4,200, வருடத்துக்கு 50,400 ரூபாய். பத்து வருடம் வேலை செய்து விலகினால் பணிக்கொடை 32,000இல் 1,60,000, 60,000இல் 3,00,000. எந்தப் படி இந்தக் கணக்குகளில் சேரும், எது சேராது என்பதில் இழுபறி உண்டு, வழக்குகளும் நடந்திருக்கின்றன. அதனால்தான் வேலைக்குச் சேரும் முன்னமே கேட்கச் சொல்கிறேன்: “பேசிக் எவ்வளவு? ஈ.பி.எப். எதுக்கு மேல பிடிப்பீங்க? ஓ.டி. எதுக்கு மேல கணக்குப் போடுவீங்க?” நேர்முகத் தேர்வில் இதைக் கேட்ட ஒரு பிள்ளையை எங்கள் கணக்காளர் நிமிர்ந்து பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பிள்ளையைத்தான் எடுத்தார்கள். கணக்குப் பகுதிக்கு.

அந்த மூலையில் உட்கார்ந்து நான் கண்டதைச் சொல்லவேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் பயம் உண்டு. எடுத்த ஆள் மூன்று மாதத்தில் போய்விடுவானோ என்ற பயம். கிழக்கு மாகாணத்தில் அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. பட்டம் முடித்த பிள்ளைகள் அரசாங்க நியமனத்துக்குக் காத்துக்கொண்டே தனியாரில் வேலைக்கு வருகிறார்கள். “கவர்மென்ட் அப்பொயின்ட்மென்ட் வந்தாப் போயிருவீங்களா?” என்று கேட்டால் ஒருவர் பாக்கியில்லாமல் “இல்ல சேர்” என்பார்கள். கேட்பவருக்கும் அது பொய் என்று தெரியும். “இந்த வேலை நிரந்தரந்தானே?” என்று பிள்ளை கேட்டால், “செய்யிற விதத்தில இருக்கு” என்று அவரும் ஒன்று சொல்வார். இரண்டு பொய்யும் கைகுலுக்கிக்கொள்ளும். ஒரே ஒரு பெண்பிள்ளை மட்டும், “வந்தாப் போவன் சேர், அதுவரைக்கும் ஒழுங்காச் செய்வன், போகமுதல் ஒரு மாசம் சொல்லிப்போட்டுப் போவன்” என்றாள். அவளையும் எடுத்தார்கள். நியமனம் வந்தபோது சொன்னபடி ஒரு மாதம் இருந்து, அடுத்து வந்தவருக்கு வேலை பழக்கிவிட்டுத்தான் போனாள்.

பெண்பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகள் தனி இனம். “கல்யாணம் எப்ப?” “பிள்ளை சின்னனா?” “புருஷன் விடுவாரா?” பக்கத்தில் இருக்கும் ஆண்பிள்ளையிடம் யாரும் பெண்சாதி விடுவாளா என்று கேட்பதில்லை. இப்படிக் கேட்டால் சண்டை பிடிக்கவேண்டியதில்லை. கேள்வியைத் திருப்பிவிடலாம்: “இங்க பிரசவ லீவு எடுத்த ஆக்கள் இருக்கினமா சேர்? திரும்பி வந்து அதே வேலையில இருக்கினமா?” 84 நாள் லீவு சட்டத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் அது நடைமுறையில் இருக்கிறதா என்பது அவர் பதில் சொல்ல எடுக்கும் நேரத்திலேயே தெரிந்துவிடும்.

கேட்பது மரியாதையீனம் என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். கடை, அலுவலகம், ஹொட்டேல் வேலைகளுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதவி என்ன, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தகுதிகாண் காலம் எத்தனை மாதம், எத்தனை மணித்தியாலம் வேலை, லீவு எத்தனை, ஓ.டி. வீதம் என்ன, எந்த நிபந்தனையில் நிறுத்தலாம் என்பதையெல்லாம் வேலைக்கு எடுக்கும்போதே முதலாளி எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று அதன் 17ஆம் பிரிவு சொல்லி எழுபது வருடம் ஆகிவிட்டது. ஆகவே பிள்ளை கேட்பது சலுகை இல்லை, அவர் கொடுக்கவேண்டிய காகிதம். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. சம்பள வீச்சு என்ன என்பதை நேர்முகத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பதாரிக்குத் தெரிவிக்கவேண்டும், முந்தைய இடத்தில் என்ன சம்பளம் எடுத்தாய் என்று கேட்கக்கூடாது என்று 2023இல் ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. எங்கள் மின்கம்பத்தில் இன்னும் ‘கவர்ச்சிகரமான சம்பளம்’தான்.

குடாவைக் கடந்தால் மூதூர். வேலைக்கு எடுப்பதில் ஒரு பொய் எவ்வளவு தூரம் போகும் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கின் பிறப்புச் சான்றிதழ் அவர் 1988இல் பிறந்ததாகச் சொன்னது. கடவுச்சீட்டு 1982 என்றது. வயது போதாத பிள்ளையை அனுப்புவதற்காக அந்த ஆறு வருடத்தைக் கூட்டியவர்கள் ஆள் அனுப்பும் முகவர்கள். 2005 மே மாதம் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய்ச் சேர்ந்து மூன்று வாரத்துக்குள், அவர் பொறுப்பில் விட்டிருந்த கைக்குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரையேறியது என்பது அவர் தரப்பு. குழந்தை பராமரிக்கும் பயிற்சி எதுவும் அவருக்கு இல்லை. அவர் கொடுத்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது என்று அவருக்காகப் பேசியவர்கள் சொன்னார்கள். 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றினார்கள். சம்பவம் நடந்தபோது பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு 17 வயது. சிறுமி என்று வாதாடப் போனபோது குறுக்கே நின்றது கடவுச்சீட்டில் இருந்த அந்தப் பொய் வயது. போலி ஆவணம் செய்த இரண்டு முகவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது.

மூதூரிலும் கிண்ணியாவிலும் இன்றைக்கும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாலும் தெரிந்த முகம்தான். ஒரு மாமி, ஒரு நானா, பக்கத்து வீட்டுக்காரி. அவர்கள் சப் ஏஜென்ட். கேள்வி கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று எங்கள் பெண்கள் கேட்பதில்லை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உள்ள நிறுவனம் மட்டும்தான் ஆள் அனுப்பலாம். ஆகவே மாமியிடம் மாமியைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை: “எந்த ஏஜென்சி மாமி? லைசென்ஸ் நம்பர் என்ன? இந்த வேலைக்கு பீரோ அனுமதி குடுத்திருக்கா?” பிறகு 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சரிபார்க்கலாம், அது பணியகத்தின் தொலைபேசி. “முதல்ல விசிட் விசாவில போ, அங்க மாத்தலாம்” என்று சொன்னால் பேச்சை அதோடு நிறுத்துங்கள். 2022இல் ஓமானில் தவித்த எங்கள் நாட்டுப் பெண்கள் பலர் அப்படிப் போனவர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி மியன்மார் எல்லைக்குக் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கப்பட்ட இளைஞர்களுக்கும் முதலில் கிடைத்தது நல்ல சம்பளம் சொன்ன ஒரு விளம்பரம்தான்.

கப்பலுக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்குச் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது, ஆனால் அது அவர்களில் பலருக்குத் தெரியாது. கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை எடுத்துக் கொடுப்பதற்கென்று மாலுமியிடம் காசு வாங்கக்கூடாது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவுதான் அவருடையது. ஒப்பந்தத்தைப் படித்து, வேண்டுமானால் யாரிடமாவது ஆலோசனை கேட்டு, அதன் பிறகு கையெழுத்திட அவருக்கு உரிமை உண்டு. கப்பல் எந்தக் கொடியின் கீழ் ஓடுகிறது, சொந்தக்காரர் யார், நடுவழியில் கைவிட்டால் வீட்டுக்கு அனுப்பும் காப்புறுதிப் பத்திரம் கப்பலில் இருக்கிறதா என்று கேட்கலாம். சம்பளம் இரண்டு மாதம் வராவிட்டாலே ‘கைவிடப்பட்டவர்’ என்ற கணக்கில் வரலாம், நாலு மாதம் வரைக்குமான நிலுவைக்கு அந்தக் காப்புறுதி பொறுப்பு. “இடம் பிடிக்க” என்று லட்சக்கணக்கில் கேட்கும் முகவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் அடுத்த பிள்ளையைத் தேடிப் போய்விடுவார்.

கேள்வி கேட்டதால் வேலை கிடைக்காமல் போனவர்களும் இருக்கிறார்கள், அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. லிங்கநகர்ப் பையன் ஒருவனிடம், “இப்பவே சட்டம் கதைக்கிறியே தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் வீட்டில் இருந்தான், அவனுடைய தாய் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புருஷன் இல்லாமல், உப்புவெளி ஹொட்டேலில் அறை துப்புரவாக்கும் வேலைக்குப் போகும் பெண்ணிடம், பதில் சரியில்லை என்றால் எழும்பி வந்துவிடு என்று எந்த வாயால் சொல்வது? அவள் போகத்தான் வேண்டும்.

அவளுக்கு நான் சொல்வது வேறு. அங்கே ஒன்றும் கேட்காதே. வாயால் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு வா. வீட்டுக்கு வந்து அன்று இரவே மனேஜருக்கு மரியாதையாக ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்பு. அண்மையில் ஒருத்திக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: “வணக்கம் சேர். இன்று வேலை தந்ததற்கு நன்றி. நீங்கள் சொன்னபடி முதலாம் திகதி காலை 7 மணிக்கு வருகிறேன். மாதச் சம்பளம் 38,000, பேசிக் 32,000, கிழமையில் ஒரு நாள் லீவு, முதல் மாதத்திலிருந்து ஈ.பி.எப். என்று சொன்னீர்கள். நான் விளங்கிக்கொண்டது சரிதானே சேர்?” அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. லீவு இரண்டு கிழமைக்கு ஒன்றுதான், மற்றதெல்லாம் சரி என்று எழுதியிருந்தார். கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு சட்டத்தில் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், இப்போது நான் சொல்லிவிட்டேன். அதைப் படம் பிடித்துத் தங்கச்சியின் போனுக்கும் அனுப்பி வைத்துவிட்டு, முதலாம் திகதி வேலைக்குப் போனாள்.